மண் குடிக்க வேண்டிய தண்ணீர்

என் கணவரை அந்த வரிசை வீடுகளில் எல்லாரும் 'தண்ணி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடைத்தெருவில் நாங்கள் சேர்ந்து போனால், எதிரே வரும் பெண்கள் கையில் இருக்கும் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்று சிரிப்பார்கள். "தண்ணி சார்னு கூப்பிடாதீங்கடி, கேக்கறவங்க வேற மாதிரி நெனப்பாங்க" என்று ஒருத்தி கேலி செய்ய, "நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும், நமக்கு ஊத்துனவர்தானே" என்று இன்னொருத்தி விட்டுக்கொடுக்காமல் பேச, இவர் காது மடல் சிவந்து நடையை எட்டிப் போடுவார். நான் பின்தங்கி நடப்பேன். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடவே, ஊராருக்கு இத்தனை சுலபமாகக் கிடைக்கும் இந்த மனிதர் வீட்டுக்கு வரும்போது மட்டும் எங்கே தங்கிவிடுகிறார் என்றும் ஓர் எண்ணம் ஓடும்.

அவர் தோல் பதனிடும் ஆலையில் கட்டுமானப் பொறியாளர். நான் மண் பரிசோதனை ஆய்வகத்தில் இருக்கிறேன். ஆலைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீரைத் தேக்குவதற்கு ஒரு பெரிய குட்டை வெட்டினார்கள். வெட்டிய வேலை அவருடையது. குட்டையின் அடியில் கசிவுத் தடையாக விரிக்கும் களிமண்ணைச் சோதித்துக் கொடுத்தது நாங்கள். "புருஷன் குழி தோண்டறார், பொண்டாட்டி அதுல மண்ணள்ளிப் போடறா. நல்ல குடும்பம்" என்று எங்கள் ஆய்வகத் தலைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் களிமண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காய்ந்திருக்கும்போது அது முகத்துக்குப் பூசும் மாவைவிட மென்மையான ஒரு தூள், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் பட்டால் உப்ப ஆரம்பிக்கும். ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடிக் குவளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால், மறுநாள் குவளை நிறையக் கூழாகி நிற்கும். கவிழ்த்தாலும் கொட்டாது. இந்தத் தூளை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்துத் தைத்து, பாய்போலச் சுருட்டி அனுப்புகிறார்கள். குட்டையின் தரையில் பாயை விரித்து, மேலே மண் மூடி, நல்ல தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். ஊறி உப்பியபின் துளைகளெல்லாம் அடைபட்டுவிடும். அதற்கப்புறம் மேலே கழிவு வந்து நின்றாலும் மண் பிடிவாதமாகத் தாங்கும். ஆனால் முதலில் பட்டதே உப்புக் கழிவு என்றால் மண் உப்பாது. மணலைப்போல அப்படியே கிடக்கும். நடுவே இருக்கும் சந்துகள் திறந்தபடி இருக்கும். பிற்பாடு மனமிரங்கி எத்தனை குடம் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அது தன் பழைய சுபாவத்துக்குத் திரும்புவதில்லை.

இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். காய் நறுக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். "அதாவது உன் மண்ணுக்கு வந்த உடனே ஒரு சொம்பு தண்ணி கொடுத்து உபசரிக்கணும். இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். எங்க அத்தை மாதிரி" என்றார். நானும் சிரித்தேன். அவர் அத்தை அப்படித்தான். சிரித்ததும் விஷயம் முடிந்துவிட்டது. கேட்பதும் காதில் வாங்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது கல்யாணமான எவருக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் மேட்டுக்குக் கீழே இருக்கும் வரிசை வீடுகளில் குழாய் நின்றுபோனது. நடுவில் இருக்கும் பொதுக் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. அதே வாரம் குட்டையில் பாய் விரித்து மண் மூடியாகிவிட்டது. களிமண்ணை ஊற வைக்க நல்ல தண்ணீர் டேங்கர்கள் வரிசையாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. பெண்கள் காலிக் குடங்களோடு சாலையோரம் நின்று அந்த லாரிகளைப் பார்த்தார்கள். வால்விலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே குடத்தைப் பிடித்தபடி ஒரு கிழவர் லாரியோடு ஓடினாராம். இவரால் அதைத் தாங்க முடியவில்லை. முன்னால் போன டிரைவரை நிறுத்தி, "மீசை, வண்டியைத் திருப்பு. கீழே விடு" என்றிருக்கிறார்.

"எவ்வளவு சார்?" என்று கேட்டிருக்கிறான் மீசை.

"எல்லாத்தையும்."

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. குடம் தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் எதையும் கேட்கவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டேன். அவரும் விலகாமல் குனிந்து நின்றார். எங்களுக்குள் அப்படி நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தச் சின்னச் சந்தோஷத்தில் களிமண் என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், மறுநாள் வேறு லாரி வரும், ஊற்றிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். அப்படித்தான் யாரும் நினைப்பார்கள்.

பிறகு மழை வந்தது. குழாயில் தண்ணீர் திரும்பவில்லை என்றாலும் கிணறு ஊறியது. குட்டையும் நிரம்பியது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குட்டை வேலை முடிந்ததற்காக ஆலையில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அதை எங்கே மாட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தவர், தானாகவே சிரித்தார்.

"பாவம் உன் மண்ணு. அது குடிக்க வேண்டிய தண்ணியை ஜனங்க குடிச்சுட்டாங்க."

"அதான் அப்புறம் ஊத்தியிருப்பீங்களே?"

"எங்க ஊத்தறது? லாரி மறுபடி வர்றதுக்குள்ள மேலாளர் கழிவு வால்வைத் திறந்துட்டார். பழைய தொட்டி வழியுது, இனிமே பொறுக்க முடியாதுன்னார். நானும் யோசிச்சுப் பாத்தேன். கழிவா இருந்தா என்ன, அதுவும் தண்ணிதானே. ஈரம் பட்டா ஊறிக்கப்போகுது."

நான் கையைத் தட்டிலேயே வைத்திருந்தேன். பிசைந்த சோறு விரல்களில் காய்வது தெரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. குழந்தை மேசை ஓரத்தில் கண்ணாடி டம்ளரை நகர்த்துவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவளைப்போல, விழப்போகிறது என்று தெரிந்தும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். இதில் எழுந்து ஓடுவதற்கும் ஒன்றுமில்லை. டம்ளர் எப்போதோ விழுந்துவிட்டது. சத்தம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். "என்னம்மா? ஏதாவது ஆயிடுமா?"

"பாத்துக்கலாம்" என்றேன்.

பார்த்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நாம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அது அவருக்கும் தெரியும். சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கடிகாரம் பெட்டியிலேயே இருந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் ஒரே மூட்டைக் களிமண்ணைத் தட்டையாக அழுத்தி மூன்று வில்லைகள் தயார் செய்தேன். முதல் வில்லைக்கு நல்ல தண்ணீர் கொடுத்து ஊறவிட்டு, அதன்பிறகு மேலே ஆலைக் கழிவை நிறுத்தினேன். இரண்டாவதற்கு நேராகக் கழிவையே கொடுத்தேன். மூன்றாவது என் சொந்தக் கலவை. களிமண்ணோடு ஒருவகைப் பசைத் தூளைக் கலந்து, உப்புத் தண்ணீரிலும் சந்துகள் அடைபடுமாறு செய்ய முடியுமா என்று வெகுநாளாக முயன்றுகொண்டிருந்தேன். தடித்த கண்ணாடி உருளைக்குள் ஒவ்வொரு வில்லையும் உட்கார்ந்தது. கீழே மெல்லிய குழாய். வில்லையைத் தாண்டி எவ்வளவு திரவம் வருகிறது என்பதைக் குழாயில் ஏறும் மட்டம் சொல்லும். அதை அவசரப்படுத்த முடியாது. அழுத்தத்தைக் கூட்டினால் வில்லை உடையும். உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் தொழில். நான் அதில் கெட்டிக்காரி என்றுகூட நினைத்திருந்தேன். இந்த முறை நாற்காலி முள்ளாகக் குத்தியது. இரண்டாவது குழாயில் மட்டம் ஏறக்கூடாது என்று விரும்பினேன். ஏறாமல் போனால் நான் இத்தனை வருடம் படித்ததெல்லாம் பொய். பொய்யாகட்டுமே என்று முதல் தடவையாகத் தோன்றியது. நான் முட்டாள், அவர் சரி, ஈரம் என்றால் ஈரம்தான் என்று ஆகிவிட்டால் வீட்டுக்குப் போய் அந்தக் கடிகாரத்தை நானே ஆணி அடித்து மாட்டுவேன்.

மட்டம் ஏறியது. முதலில் சோம்பலாகவும் பிறகு கூச்சமே இல்லாமலும் ஏறியது. முதல் வில்லையின் குழாய் கிட்டத்தட்ட அசையவில்லை. மூன்றாவதும் அசையவில்லை. என் கலவை கழிவை நேராகக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது.

ஆய்வகத் தலைவி மூன்றாவது உருளை முன் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். என்னைக் கட்டிக்கொண்டார். "சாதிச்சுட்டடி! ஆலையில ரெண்டாவது குட்டை வெட்டப் போறாங்க. அதுக்கு உன் கலவைதான், நான் பேசறேன்."

"முதல் குட்டை மேடம்?"

அவர் கை என் தோளிலிருந்து இறங்கியது. கெட்டவர் இல்லை. என்னிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தவர். "அது தண்ணிக்கு அடியில இருக்கு. அடியில கைய விட முடியுமா சொல்லு? நாம அடுத்ததைப் பாக்கலாம்."

அடுத்ததைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். எனக்கு வரவில்லை. மேலிருந்து ஏதாவது செய்ய முடியுமா என்று தேடினேன். நன்றாக ஊறிய களிமண் கூழைக் குட்டையின் பரப்பில் தெளித்தால், மெதுவாக அடியில் போய்ப் படிந்து சந்துகளை அடைக்காதா? ஒரு பெரிய ஜாடியில் கழிவை நிரப்பி, கூழைக் கரைத்து ஊற்றினேன். வெண்மையாக இறங்கிய கூழ் பாதி வழியில் நின்றது. நின்று, திரிந்த பாலாகத் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து, குறுமணலாக அடியில் விழுந்தது. மணல்மேல் மணல். பசைத் தூளைக் கூட்டிப் பார்த்தேன். குறைத்துப் பார்த்தேன். ஒருமுறை ஜாடியில் இறங்கும் கூழ் முழுசாகவே இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அதுவும் திரிந்தது. ஜாடியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். என்னைச் சுற்றி எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இவரையும் அழைத்துக்கொண்டு ஆலை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். மேலாளர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி மேடம். எங்க கசியுது? காட்டுங்க, வர்றேன்."

"இன்னும் வெளிய வரல. வரும்."

"வந்தப்புறம் சொல்லுங்களேன்."

"வந்தப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு? மூக்கு இருக்கறவங்க யார் வேணா சொல்லலாம். குட்டையைக் காலி பண்ணிட்டுப் பாயை மாத்தணும்."

"காலி பண்ணி எங்க ஊத்தறது? உங்க வீட்டு மாடித் தொட்டியிலயா?" சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தத் தண்ணியை யாரு திருப்பி விட்டாங்கன்னு எனக்கும் தெரியும். இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் வாயைத் திறக்கல. நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் செஞ்சார். நான் அவசரப்பட்டேன், அவர் சரின்னார். ரெண்டு பேரும் ஒரே படகுலதான் இருக்கோம். எதுக்குக் கிளறணும்?"

இவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் பேசினார்.

"தாகத்துக்குத் தண்ணி கொடுத்தது தப்பா?"

"அது தப்பில்ல."

"நீ பாதிக்குத்தான் பதில் சொல்றே."

ஆமாம், பாதிக்குத்தான். மீதிப் பாதியை அவர் என்னிடம் வாங்கிக்கொள்ள விரும்பினார் என்பது எனக்குத் தெரியும். ஏசியிருந்தால் அவருக்கு இலேசாகியிருக்கும். மன்னித்திருந்தாலும் இலேசாகியிருக்கும். இரண்டையும் என்னால் செய்ய முடியவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது என்பதுதான் என் கஷ்டம். அந்தச் சாலையில், அந்தக் கிழவர் குடத்தோடு ஓடுவதைப் பார்த்திருந்தால், களிமண்ணின் சுபாவம் முழுக்கத் தெரிந்த நான் என்ன செய்திருப்பேன்? ஒரு லாரியையாவது நிறுத்தி வைத்திருப்பேன் என்று என்னிடமே சத்தியம் செய்ய முடியவில்லை.

குட்டைக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவே சரிவில் ஒரு கண்காணிப்புக் குழாய் இறக்கியிருந்தார்கள். நிலத்துக்கு அடியில் தண்ணீர் கெடுகிறதா என்பதை அதில்தான் முதலில் பார்க்க முடியும். ஆலையில் எப்போதாவது ஒருமுறை பார்ப்பார்கள். இவர் தினமும் வேலைக்குப் போகும் வழியில், என் ஆய்வகத்து மீட்டரை வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க ஆரம்பித்தார். உப்பு எவ்வளவு என்று அது எண்ணாகக் காட்டும். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "அதேதான்" என்பார். நானும் "சரி" என்பேன். வேறு பேச்சு இல்லை. ஒரு நோயாளியின் காய்ச்சலை விசாரிப்பதுபோல இருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவர் தவறாமல் தினமும் போன் செய்த காலம் அது ஒன்றுதான். அந்த அழைப்புக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கடைத்தெருவுக்குப் போகும் வழியை அவர் மாற்றிக்கொண்டார். வரிசை வீடுகளின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார்.

ஒரு நாள் போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னணியில் காற்று மட்டும் இரைந்தது. சரிவில்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏறியிருக்கா?" என்றேன்.

"மீட்டர் கெட்டுப்போச்சோ என்னமோ."

"கெடல."

"மறுபடி மறுபடி வச்சுப் பாத்தேன்."

"வீட்டுக்கு வாங்க."

மேலாளரிடம் எண்ணைக் காட்டினார். ஒரு தடவை ஏறியதை வைத்து முடிவுக்கு வர முடியாது, அடுத்த மாதமும் பார்ப்போம், அதற்கப்புறம் மேலே எழுதலாம், அவர்கள் வந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டுச் சொல்வார்கள் என்றார் மேலாளர். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் அப்படித்தான் நடக்கும். அதற்குள் தண்ணீர் நடந்துவிடும். மண்ணுக்குள் அது வேகமாக நடப்பதில்லை, ஆனால் இளைப்பாற உட்காருவதும் இல்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார் இவர். "அவங்ககிட்ட நேரா. கிணத்துத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு."

"வேலை போயிடும்."

"போகட்டும்." பிறகு, செருப்பைத் தேடிக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்றார். அப்படி அவர் என்னைக் கேட்டதே இல்லை.

வெயில் சாயத் தொடங்கும் நேரத்துக்குப் போனோம். கிணற்றைச் சுற்றி சிமெண்டுத் தளம், துணி துவைக்கும் கல், ஈரமான வழுக்கல். பெண்கள் குடங்களோடு இருந்தார்கள். இவரைப் பார்த்ததும் ஒரே கூச்சல்.

"அடேயப்பா! தண்ணி சாருக்கு வழி மறந்துபோச்சுன்னு நெனச்சோம்!"

"ஜோடியா வந்திருக்காங்க பாரு. ஏய், அந்தக் கல்லைத் துடைடி, உக்காரட்டும்."

முனை வீட்டு அக்கா எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். அந்த வரிசையில் அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். முன்பு லாரியிலிருந்து யாருக்கு முதல் குடம் என்று சண்டை வந்தபோது அவள்தான் வரிசை கட்டினாளாம். "என்ன சார், முகமே சரியில்லையே? உடம்பு கிடம்பு..."

நான் பையிலிருந்து மீட்டரை எடுத்து, ஒரு வாளித் தண்ணீர் கேட்டு அதில் வைத்துப் பார்த்தேன். எண் நல்ல கிணற்றுத் தண்ணீரில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான். தண்ணீர் இறங்கும் காலத்தில் எந்தக் கிணற்றிலும் அந்த அளவு ஏறும். இது காலத்தின் உப்பா, ஆலையின் உப்பா என்று அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ரசாயனம் வந்திருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். ஒரு புட்டியில் பிடித்து மூடிப் பைக்குள் வைத்தேன்.

இவர் பேச ஆரம்பித்தார். குட்டை, பாய், மண், ஊற வேண்டியது, ஊறாதது என்று எல்லாவற்றையும் சொன்னார். அன்று திருப்பிவிட்ட லாரிகளைப் பற்றியும் சொன்னார். வார்த்தைகள் தடுக்கின. நான் உதவிக்குப் போகவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மண்ணுக்குத் தண்ணி தவிக்குமா சார்?"

"அதுக்கில்லைங்க..." என்றார்.

"எங்களுக்குக் கொடுத்ததுக்கா இவ்வளவு பழி?" என்றாள் முனை வீட்டு அக்கா. குரலில் இரக்கம் ததும்பியது. "யாரு சார் உங்கமேல போடறது? அந்த மேலாளரா? நாங்க வர்றோம். எல்லாரும் வந்து சொல்றோம், சார் எங்க உசிரைக் காப்பாத்துனவர்னு. நீங்க மனசை விட்டுடாதீங்க."

"அக்கா, பழி இல்ல. தண்ணி கெட்டுப்போகும். கெட ஆரம்பிச்சிருக்கு."

"கெட்டா பாத்துக்கலாம் சார். நாங்க பாக்காத கஷ்டமா?"

அவர்கள் அவரைத் தேற்றினார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி. நான் துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கத்தியிருந்தால், கல்லை எடுத்து எறிந்திருந்தால், அவர் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்திருக்கும். அன்பு ஒரு கனத்த கதவாக நடுவில் நின்றது. எவ்வளவு தட்டினாலும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. அவருடைய நல்ல காரியம்தான் அவர் பேச்சை யாரும் நம்பாமல் செய்துவிட்டது.

"முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க சார், நாக்கு ஒட்டிக்கிச்சு பாருங்க" என்று முனை வீட்டு அக்கா உள்ளே போய் விளக்கி வைத்த டம்ளர்கள் இரண்டை எடுத்து வந்தாள். கிணற்றடியில் அப்போதுதான் நிறைந்த குடத்திலிருந்து மொண்டு அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று நீட்டினாள்.

அவர் வாங்கினார். டம்ளருக்குள் ஒரு கணம் பார்த்தார். பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாதைக்காகக் குடித்தாரா, தண்டனையாகக் குடித்தாரா, அல்லது உண்மையிலேயே தாகமாக இருந்ததா? இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று கையைப் பிடித்திருக்கலாம். என் கை எழவில்லை.

என் டம்ளர் கையில் இருந்தது. வெளிப்பக்கம் குளிர்ந்து வியர்த்திருந்தது. தெளிவான தண்ணீர். வாசனை இல்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இன்றைக்கு ஒன்றும் இருக்காது, ஒரு வாய் குடித்தால் எதுவும் ஆகிவிடாது என்று என் படிப்பே எனக்குச் சொன்னது. எல்லாரும் பார்க்கிறார்கள். உதடுவரை கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் தூக்க அது சம்மதிக்கவில்லை. டம்ளரை மடிக்கு இறக்கினேன்.

"குடி தாயி" என்றாள் முனை வீட்டு அக்கா.

"தாகமில்லக்கா."

"நல்ல வெயில்ல வந்திருக்கியே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் பற்றியிருந்த என் விரல்களைப் பார்த்தாள். நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது அவள் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் அத்தனை நேரம் பேசியும் அவள் முகத்தில் வராத ஒன்று இப்போது மெதுவாக வந்தது. அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். கோபமாக இல்லை. குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குகிறவள்போல, விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள். தண்ணீரைத் துவைக்கும் கல்மேல் ஊற்றினாள்.

"ஏய்" என்றாள் திரும்பிப் பார்க்காமலே, "கயித்தை நிறுத்து."

கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த சின்னப் பெண் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பேச்சு ஒவ்வொருத்தியிடமாக அடங்கியது. வரிசையாக நின்ற குடங்களை அக்கா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். பிறகு அவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"காலைலயிருந்து எல்லா வீட்லயும் இதைத்தான் குடிச்சிருக்கு. பச்சைப் புள்ளைங்களும்தான். இனிமே நாங்க எங்க போய் எடுக்கறது?"

ஆலையில் கேட்டு லாரி அனுப்பச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். யார் அனுப்புவார்கள், எத்தனை நாளைக்கு என்று அவள் அடுத்துக் கேட்பாள். அவரைப் பார்த்தேன். அவர் காலி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இழுப்பதா, கீழே விடுவதா என்று யாராவது சொல்வார்களென்று அந்தச் சின்னப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.